மருந்து தானமா, உரிமையா?

தென்னாப்பிரிக்கா என்று சொன்னவுடன் தமிழர்களுக்குக் கரும்புத் தோட்டங்களும் சத்தியாக்கிரகமும் நினைவுக்கு வரும். 1860-ஆம் வருஷம் முதல் நேட்டாலுக்குக் கப்பலேறிச் சென்ற ஒப்பந்தக் கூலிகளில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அந்த நேட்டால் அடங்கிய மாகாணந்தான் எச்.ஐ.வி. கிருமியால் உலகத்திலேயே மிகுதியாகப் பீடிக்கப்பட்ட பிரதேசங்களில் ஒன்று. அத்தேசத்தில் சென்ற கால் நூற்றாண்டாக மருந்துக்காக நடந்துவரும் போராட்டத்தை நமது நேயர்கள் அறிந்திருக்க வேண்டுமென்று கருதுகிறோம். அதில் வைத்தியம் உண்டு, வியாபாரம் உண்டு, கோர்ட்டும் வழக்கும் உண்டு, சட்டத்தை மீறிச் சிறைக்குச் செல்லத் துணிந்த சாமானிய ஜனங்களும் உண்டு. ஏழை நாட்டு நோயாளிக்கு அருமையான மருந்து கைக்கு எட்டுவது எப்படி, எட்டிய மருந்து மீண்டும் கைநழுவிப் போகாமல் இருப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதிலே விடை இருக்கிறது.

வியாதியும் மருந்தும்

வியாதியின் தன்மையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். எச்.ஐ.வி. கிருமி, உடம்பைக் காக்கும் சேனையாகிய வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்ற வகையைத் தின்று அழிக்கிறது. ஆரோக்கியமுள்ளவனுக்கு இவ்வணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்குக் குறையாமல் இருக்கும். அவை 200-க்குக் கீழே இறங்கிவிட்டால் காச நோய் முதலான வியாதிகள் காவலில்லாத வீட்டில் திருடன் நுழைவது போல் நுழைந்துவிடுகின்றன. இந்த நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர்.

1996-ஆம் வருஷத்தில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வெற்றி பெற்றது. அம்மருந்துகள் கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை. அதைப் பெருகவொட்டாமல் அடக்கி வைக்கின்றன. அடங்கிய கிருமி, நோயாளியைக் கொல்வதில்லை. இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அது அடங்கிவிட்டால், புணர்ச்சியின் மூலம் மற்றொருவருக்கு அது தொற்றுவதும் இல்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் மருந்தினால் தடுத்துவிடலாம். ஆனால், இச்சிகிச்சைக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. ஆயுள் முழுவதும் தினந்தோறும் மருந்து சாப்பிட வேண்டும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி தலைதூக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு மசியாத கிருமி உண்டாகும். ஆகவே, ஒரு தேசத்தில் மருந்து வந்து சேர்ந்துவிட்டது என்ற செய்தியால் மட்டும் பயனில்லை. நாளைக்கும், அடுத்த வருஷமும், இருபது வருஷத்துக்குப் பிறகும் அது இருக்குமா என்பதே கேள்வி. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

மூன்று ஆட்சேபங்கள்

செல்வ நாடுகளில் இச்சிகிச்சை பரவியதும் அங்கே மரணங்கள் சட்டென்று குறைந்தன. ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலர் முதல் 15,000 டாலர் வரை செலவாயிற்று. அப்பொழுது உலகத்திலிருந்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். அவர்களுடைய கதி என்ன என்று கேட்டபோது, பெரிய மனிதர்கள் மூன்று ஆட்சேபங்களைச் சொன்னார்கள். மருந்தின் விலை மிக அதிகம் என்பது முதலாவது. டாக்டர்களும் பரிசோதனைச் சாலைகளும் இல்லை என்பது இரண்டாவது. ஏழைகளுக்கும் எழுத்தறிவில்லாதவர்களுக்கும் வேளை தவறாமல் மருந்து சாப்பிடத் தெரியாது என்பது மூன்றாவது.

மூன்றாவது ஆட்சேபத்தை 2001-ஆம் வருஷத்தில் பகிரங்கமாக எடுத்துச் சொன்னவர், அமெரிக்க சர்க்காரின் வெளிநாட்டு உதவி ஸ்தாபனமான யு.எஸ்.எய்டின் தலைவர் ஆண்ட்ரு நாட்சியஸ். ஆப்பிரிக்கர்களில் பலருக்குக் கடிகாரம் இன்னதென்று தெரியாது. காலை, நடுப்பகல், மாலை என்றால்தான் தெரியும். அவர்களிடம் மணிக்கணக்குப் பார்த்து மருந்து சாப்பிடச் சொன்னால் புரியாது என்ற கருத்துப்பட அவர் பேசினார். சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பார்த்து உழுது விதைத்து உலகத்துக்குச் சோறு போடும் குடியானவனுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சாப்பிடுவது விளங்காதாம்! இவ்விதப் பேச்சு நமக்குப் புதிதன்று. சுயராஜ்யத்துக்குத் தகுதி வரவில்லை என்று நம்மைப் பார்த்துச் சொன்ன குரலும் இதே குரல்தான். தகுதி உண்டா என்று பார்க்கும் சந்தர்ப்பத்தைக் கொடுக்காமலே, தகுதி இல்லையென்று தீர்ப்புச் சொல்வது ஆள்வோருக்கு எப்போதும் சௌகரியமாக இருந்திருக்கிறது.

கயெலிட்ஷா காட்டிய வழி

நாட்சியஸ் அவ்வாறு பேசுவதற்குச் சற்று முன்பே, அவருக்கு விடை சொல்லும் வேலை ஓரிடத்தில் தொடங்கியிருந்தது. கேப் டவுன் நகரத்துக்கு வெளியே மணல்வெளியில் கயெலிட்ஷா என்ற குடியிருப்பு இருக்கிறது. நிறவெறி ஆட்சியார் கறுப்பு ஜனங்களை ஒதுக்கி வைப்பதற்காக 1983-இல் அதை ஏற்படுத்தினார்கள். கோஸா பாஷையில் அதன் பெயருக்குப் புது வீடு என்று பொருள். தகரக் கொட்டகைகள் நெருங்கிய அந்த இடத்தில், எல்லைகளற்ற டாக்டர்கள் என்ற சர்வதேச வைத்திய ஸ்தாபனம் 2000-ஆம் வருஷத்தில், அங்கிருந்த சர்க்கார் சிகிச்சை நிலையங்களிலேயே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென மூன்று பகுதிகளைத் திறந்தது. 2001 மே மாதத்தில் மூன்று மருந்துச் சிகிச்சை ஆரம்பமாயிற்று.

முதலில் சேர்த்துக்கொள்ளப்பட்ட 287 பேரைப் பற்றிய விவரம் 2004-இல் பிரசுரமாயிற்று. சிகிச்சையின் தொடக்கத்தில் அவர்களுடைய சி.டி.4 அணுக்களின் இடைநிலை எண்ணிக்கை 43. அதாவது, அவர்களில் பாதிப் பேர் அதற்கும் கீழே இருந்தார்கள். மரணத்தின் வாசற்படியில் கால் வைத்துவிட்ட அக்கூட்டத்தில், இரண்டு வருஷம் கழித்து நூற்றுக்கு 86 பேர் வீதம் உயிரோடு இருந்தார்கள். செல்வ நாட்டு ஆஸ்பத்திரிகள் பெருமைப்படக்கூடிய பலன் இது.

எப்படி இது சாத்தியமாயிற்று? அங்கே செய்த ஏற்பாடுகள் எல்லாம் சாமானியமானவை. ஒவ்வொரு நோயாளியும் தமக்கு வேண்டிய ஒருவரை, மனைவியோ தமக்கையோ அண்டை வீட்டாரோ, சிகிச்சைத் துணையாக அழைத்துவர வேண்டும். மருந்து ஆரம்பிப்பதற்கு முன் அதன் பலனையும் கஷ்டத்தையும் அவர்களுடைய பாஷையிலேயே எடுத்துச் சொன்னார்கள். சொல்பவர்களில் பலர் தாங்களும் அதே கிருமியோடு வாழ்பவர்கள். டாக்டர் செய்யும் வேலையில் பெரும் பகுதியை நர்ஸுகளுக்குக் கற்பித்தார்கள். 2010-இல் தென்னாப்பிரிக்க சர்க்காரே, நர்ஸுகள் இச்சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதைத் தேச முழுவதற்கும் முறையாக ஏற்றுக்கொண்டது. உடல்நிலை சீர்ப்பட்டவர்கள் மாதந்தோறும் நாளெல்லாம் வரிசையில் நின்று கூலியை இழப்பானேன் என்று யோசித்து, 2007-இல் சங்கம் போன்ற ஓர் ஏற்பாட்டைக் கண்டார்கள். முப்பது பேர் வரை ஒரு குழுவாகக் கூடுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சந்தித்து, முன்னமே கட்டி வைத்த மருந்துப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருஷத்தில் மொசாம்பிக் தேசத்தின் டெட்டே மாகாணத்துக் கிராமங்களில் ஆறு பேர் வரை சேர்ந்து, முறை வைத்துக்கொண்டு ஒருவர் போய் எல்லோருடைய மருந்தையும் வாங்கி வரும் வழக்கம் ஏற்பட்டது. ஆற்றைக் கடந்து பல மைல் நடக்க வேண்டிய ஊரில் இதைவிடப் புத்தியுள்ள ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

கடிகாரம் தெரியாதவர்கள் என்று ஏசப்பட்டவர்கள் வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டார்களா? இதைப் பற்றி நடந்த பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2006-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையே ஒரு கணக்கை வெளியிட்டது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள் வட அமெரிக்காவில் நூற்றுக்கு 55 பேர். ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 77 பேர். இதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

விலை என்னும் சுவர்

டாக்டர் இல்லை, நோயாளிக்கு அறிவில்லை என்ற இரண்டு ஆட்சேபங்களும் இவ்வாறு பொடியாயின. எஞ்சியது விலை. அந்த விலை எங்கிருந்து வந்தது? மருந்தைச் செய்யும் செலவிலிருந்து அது வரவில்லை. ஒரு கம்பெனிக்கு மட்டும் ஒரு மருந்தை விற்கும் ஏகபோகத்தைத் தரும் பேடண்டு உரிமையிலிருந்து வந்தது.

1997-இல் தென்னாப்பிரிக்கப் பார்லிமெண்டு, மலிவான மருந்தைப் பிற நாடுகளிலிருந்து தருவித்துக்கொள்ள இடமளிக்கும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. உடனே 39 மருந்துக் கம்பெனிகள் கூடி, அச்சட்டம் செல்லாதென்று வழக்குத் தொடர்ந்தன. எதிர்வாதிகளின் வரிசையில் முதலாவதாக இருந்த பெயர் நெல்ஸன் மண்டேலா. இருபத்தேழு வருஷம் சிறையிலிருந்து விடுதலை வாங்கித் தந்தவர், தம் ஜனங்களுக்கு மலிவாக மருந்து வாங்கித் தர முயன்ற குற்றத்துக்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்! வழக்கு 2001 மார்ச்சு மாதத்தில் பிரிடோரியா கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. அதற்குள் உலகமெங்கும் கண்டனம் எழுந்துவிட்டது. ஏப்ரல் 19-ந் தேதி கம்பெனிகள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

விலைச் சுவரில் பெரிய விரிசலை உண்டாக்கியது நமது தேசம் என்பதைப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். 1970-இல் இந்தியா இயற்றிய பேடண்டுச் சட்டம், மருந்து என்ற பொருளுக்கு ஏகபோகம் கொடுக்கவில்லை. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே கொடுத்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய நமது ரசாயன நிபுணர்களுக்கு உரிமை இருந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த பம்பாய் சிப்லா கம்பெனி, மூன்று மருந்துச் சிகிச்சையை எல்லைகளற்ற டாக்டர்களுக்கு ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 350 டாலர் விலையில் தருவதாக 2001 பிப்ரவரியில் அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! சுதேசி உணர்ச்சியோடு 1935-இல் ஸ்தாபிக்கப்பட்ட கம்பெனி அது. 1939-இல் காந்தியடிகள் அதன் தொழிற்சாலைக்கு விஜயம் செய்திருக்கிறார். ஸ்தாபகரின் புதல்வர் யூசுப் ஹமீது அறிவித்த அந்த ஒரு விலை, உலகத்தின் வாயை அடைத்தது. அதன் பிறகு பல இந்தியக் கம்பெனிகள் போட்டியிட்டு விலையை மேலும் இறக்கின. இன்று உபயோகத்திலிருக்கும், பழையதைவிடச் சிறந்த மூன்று மருந்து மாத்திரை, 2023-இல் ஏழை நாடுகளுக்கு வருஷத்துக்கு 45 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது.

ஜனங்களின் போராட்டம்

மலிவு மருந்து பம்பாயில் இருந்தால் மட்டும் கயெலிட்ஷா நோயாளியின் வாய்க்கு வந்துவிடாது. அதைக் கொண்டுவந்தவர்கள் தென்னாப்பிரிக்க ஜனங்கள். 1998 டிசம்பர் 10-ந் தேதி ஜாக்கி அக்மத் முதலியோர் சிகிச்சைக் கிளர்ச்சி இயக்கம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே டிசம்பரில் நேட்டாலில், தமக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பகிரங்கமாகச் சொன்ன குகு திலாமினி என்ற பெண்மணியை ஊரார் அடித்துக் கொன்றார்கள். சொன்னவளைக் கொன்றால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று கொலைகாரர்கள் எண்ணியிருக்கலாம். இயக்கத்தார் எச்.ஐ.வி. உள்ளவர் என்று மார்பில் அச்சிட்ட சட்டையை அணிந்துகொண்டு ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கிருமி இல்லாதவர்களும் அதை அணிந்தார்கள். 2002 டிசம்பரில் கயெலிட்ஷாவுக்கு வந்த மண்டேலாவும் அச்சட்டையை அணிந்தார்.

அவ்வியக்கத்தார் 2000-இல் தாய்லாந்திலிருந்து மலிவு மருந்தைச் சட்டத்தை மீறிக் கொண்டுவந்தனர். 2002 ஜனவரியில் எல்லைகளற்ற டாக்டர்களோடும் தொழிற்சங்கத்தாரோடும் சேர்ந்து பிரேசிலிலிருந்து கயெலிட்ஷாவுக்கு மருந்து கொண்டுவந்தனர். சிகிச்சைச் செலவு ஏறக்குறையப் பாதியாயிற்று. அக்மத் தாமும் நோயாளி. மருந்து வாங்கும் வசதி தமக்கு இருந்தும், சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைக்குக் கிடைக்காத மருந்தை நான் தொடமாட்டேன் என்று விரதம் பூண்டார். 2003 வரை அவர் அதைக் கைவிடவில்லை. எந்த மண்ணில் 1906-இல் சத்தியாக்கிரகம் பிறந்ததோ, அந்த மண் அதை மறந்துவிடவில்லை.

சொந்த ஆட்சியின் பிழை

இங்கே தேசபக்தர்கள் மனம் நோகக்கூடிய ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கம்பெனிகள் வழக்கை விட்டோடிய பிறகும் தென்னாப்பிரிக்க ஜனங்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. தடுத்தது அந்நியன் அல்லன், சொந்த சர்க்கார். ஜனாதிபதி தாபோ இம்பெகி, எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பினார். மருந்து விஷம் என்றார்கள். ஆரோக்கிய மந்திரி பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் சிபார்சு செய்தார். ஆப்பிரிக்கர்களை இழிவு செய்யவே மேனாட்டார் இவ்வியாதியின் கதையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் இதன் அடியில் இருந்தது. மேனாட்டார் ஆப்பிரிக்கர்களை இழிவு செய்தது மெய். ஆனால், அந்த மெய்யைக் கொண்டு வேறொரு பொய்யை நிலைநாட்ட முடியுமா? தேசாபிமானம் உண்மைக்குக் கண்ணை மூடிக்கொண்டால், அது முதலில் பலிகொள்வது சொந்த ஜனங்களைத்தான்.

2000 ஜூலையில் நேட்டாலிலுள்ள டர்பன் நகரில் சர்வதேச எய்ட்ஸ் மகாநாடு கூடியது. பிறவியிலேயே கிருமி தொற்றிய இன்கோஸி ஜான்ஸன் என்ற 11 வயதுச் சிறுவன் மேடையேறி, கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கள் என்று சர்க்காரைக் கேட்டான். அடுத்த வருஷம் ஜூன் முதல் தேதி அவன் இறந்தான். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை அதைச் செய்யும் கம்பெனி இலவசமாகவே தர முன்வந்திருந்தது. சர்க்கார் அதைச் சில இடங்களுக்கு மேல் கொடுக்க மறுத்தது. இயக்கத்தார் வழக்காடினார்கள். 2002 ஜூலை 5-ந் தேதி அரசியலமைப்புக் கோர்ட்டு, வைத்தியம் பெறுவது பிரஜையின் உரிமை என்ற அடிப்படையில், அந்தத் தடையை நீக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. 2003 மார்ச்சில் இயக்கத்தார் சட்டமறுப்பு ஆரம்பித்து, மந்திரிகள் மேல் மரணம் விளைவித்த குற்றம் சாட்டிப் போலீஸ் ஸ்டேஷன்களில் புகார் கொடுத்தார்கள். அவ்வருஷ முடிவில்தான் சர்க்கார் பொது ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை அளிக்க ஒப்பியது. இந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாய்ப் போயின என்று ஹார்வர்டு சர்வகலாசாலையார் 2008-இல் கணக்கிட்டார்கள்.

வழி திறந்த பின் தென்னாப்பிரிக்கா பின்தங்கவில்லை. கிருமியோடு வாழும் ஏறக்குறைய 80 லட்சம் பேரில் 55 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே சிகிச்சை நடைபெறுகிறது. உலகத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு வேறெங்கும் இல்லை. 2005-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜனங்களின் சராசரி ஆயுள் 55 வயதைக்கூட எட்டவில்லை. இன்று 65-ஐத் தாண்டியிருக்கிறது.

தானத்தின் பலமும் பலவீனமும்

உலகம் முழுவதும் 2024-இல் 3 கோடியே 16 லட்சம் பேர் சிகிச்சை பெற்றார்கள். இதில் செல்வ நாட்டாரின் தருமத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நாம் நன்றி கெட்டவர்கள் ஆவோம். 2002-இல் உலக நிதி ஏற்பட்டது. 2003-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், ஐந்து வருஷத்துக்கு 1,500 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்து, பெப்ஃபார் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அப்பணத்தினால் பிழைத்த உயிர்கள் கோடிக் கணக்கில் உண்டு.

ஆனால், தானம் கொடுக்கும் கை ஒரு நாள் மூடிக்கொள்ளலாம். 2025 ஜனவரி 20-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், பதவியேற்ற அன்றே, வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்கும்படி கட்டளையிட்டார். ஒரு வாரத்துக்குள் ஆப்பிரிக்காவில் எத்தனையோ சிகிச்சை நிலையங்களின் கதவுகள் அடைபட்டன. உயிர் காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டு என்று பின்னர் சொன்னார்கள். ஆனால் பணம் வரவில்லை. கொடுக்க வேண்டிய ஆட்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்கள். அவ்வருஷம் ஜூலையில் யு.எஸ்.எய்ட் ஸ்தாபனமே மூடப்பட்டது. கடிகாரம் அறியாத ஆப்பிரிக்கன் மருந்து சாப்பிடத் தவறிவிடுவான் என்று கவலைப்பட்ட ஸ்தாபனம் எதுவோ, அதன் கதவை மூடிய செய்கையே இறுதியில் அவன் மருந்தைத் தவறவிடக் காரணமாயிற்று. அமெரிக்க உதவி நிரந்தரமாக நின்று, வேறு ஏற்பாடும் இல்லாவிட்டால், 2029-க்குள் 40 லட்சம் பேர் அதிகமாக மடிவார்கள் என்று ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் ஸ்தாபனம் கணித்தது.

இந்தப் புயலில் எது நின்றது, எது விழுந்தது என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா தன் மருந்தைப் பெரும்பாலும் தன் கஜானாவிலிருந்தே வாங்கிவந்தது. எச்.ஐ.வி. செலவில் பெப்ஃபாரின் பங்கு நூற்றுக்கு 17 அளவில்தான் இருந்தது. ஆகவே மருந்து அலமாரி காலியாகவில்லை. ஆனால் அந்த 17 பங்கிலிருந்து சம்பளம் பெற்ற ஆயிரக் கணக்கான ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆலோசனை சொல்பவர்கள், மருந்து வாங்க வராதவரைத் தேடிச் செல்பவர்கள், கணக்கெழுதுபவர்கள் அவர்கள். விலைமாதர் முதலாக, ஊரார் வெறுத்து ஒதுக்கியவர்களுக்கென இருந்த தனி நிலையங்கள் மூடப்பட்டன. மருந்து இருந்தும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கை இல்லை. மொசாம்பிக், ஜாம்பியா போன்ற நாடுகளிலோ, செலவில் பெரும் பகுதி பிறர் கொடுத்தது. அங்கே அலமாரியே ஆட்டம் கண்டது. எந்த அளவுக்குச் சொந்தப் பணமும் சொந்தச் சட்டமும் இருந்தனவோ, அந்த அளவுக்கு நோயாளி பிழைத்தான். இதுவே நாம் சொல்ல வந்த விஷயம்.

உடனே எல்லா உதவியையும் வேண்டாமென்று தள்ளிவிடலாம் என்பது நமது கட்சியன்று. பசித்தவன் சோற்றை யார் போட்டாலும் உண்ண வேண்டியதுதான். ஆனால் உதவி பெறும் ஒவ்வொரு வருஷத்திலும், உதவி நின்றால் என் செய்வோம் என்ற கேள்விக்கு ஒரு படி விடை கண்டிருக்க வேண்டும். கடன் சுமையால் கஜானா வறண்ட நாடுகளுக்கு இது எளிதன்று. அக்கடனைக் கொடுத்தவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

நமது கடமை

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் இது தூர தேசத்துச் செய்தி என்று எண்ணிவிடலாகாது. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், நமது சென்னை மெடிக்கல் காலேஜில், டாக்டர் சுநீதி சாலமன் அம்மையார் மேற்பார்வையில். 2004 ஏப்ரல் முதல் தேதி இந்திய சர்க்கார் இலவச சிகிச்சையைத் தொடங்கிய 8 ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. நமது நோயாளிகளுக்கான மருந்துச் செலவு இன்று நமது சர்க்காரின் கணக்கில் நடைபெறுகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பணம் ஒதுக்கினால் போதாது. 2022 ஜூலையில் டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் வாசலில் நோயாளிகள் வாரக் கணக்கில் உட்கார்ந்தார்கள். மாத மருந்துக்குப் பதிலாகச் சில நாளைக்கான மாத்திரைகளே கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. தேசத்தில் கையிருப்புப் போதுமானது என்றார்கள் அதிகாரிகள். தேசத்தின் கையிருப்பு நோயாளியின் கையிலிருக்கும் சீசாவை நிரப்புமா? உலகத்துக்கு மருந்து செய்து கொடுக்கும் தேசத்தில் இப்படி ஒரு முறையீடு எழுந்ததே நமக்குத் தலைகுனிவு.

சட்டத்தையும் காக்க வேண்டும். உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005-இல் நாம் மருந்துப் பொருளுக்கே பேடண்டு கொடுக்க ஒப்பினோம். ஆனால் பழைய மருந்தைச் சிறிது மாற்றி மீண்டும் ஏகபோகம் கேட்பதைத் தடுக்கும் ஒரு பிரிவையும், பேடண்டு கொடுப்பதற்கு முன்பே யாரும் ஆட்சேபிக்கலாம் என்ற உரிமையையும் வைத்துக்கொண்டோம். அவ்வுரிமையின் அருமைக்கு ஓர் உதாரணம் சொல்வோம். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகமாகக் கொல்வது காச நோய். கடுமையான காச நோய்க்கு உதவும் பெடாகுவிலின் மருந்தின் ஏகபோகத்தை நீட்டிக்க ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி விண்ணப்பித்தது. ஆட்சேபித்தவர்கள் இருவர், காச நோயிலிருந்து பிழைத்து, பழைய மருந்துகளின் கொடுமையால் காது கேளாமற் போன பெண்கள். ஒருவர் பம்பாய் நந்திதா வெங்கடேசன். மற்றவர் பும்ஸா டிசிலே, கயெலிட்ஷாவைச் சேர்ந்தவர். 2023 மார்ச்சில் நமது பேடண்டு ஆபீசு அக்கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. கயெலிட்ஷா நோயாளியின் உயிருக்கு பம்பாயில் வழக்காட இடம் இருக்கிறது. அந்த இடத்தை வர்த்தக ஒப்பந்தம் பேசும் மேஜைகளில் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

பழைய கதை மீண்டும் தொடங்குவதையும் காண்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டால் இக்கிருமி தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் என்ற மருந்து வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் யுகாண்டாவிலும் அவ்வூசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் கிருமி தொற்றவில்லை என்று 2024-இல் தெரிந்தது. அமெரிக்காவில் அதன் விலை வருஷத்துக்கு 28,218 டாலர். இந்தியக் கம்பெனிகள் 2027 முதல் 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டு விலைக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த மலிவு விலை 120 நாடுகளுக்குத்தான். இம்மருந்தின் பரீட்சைக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்த பிரேசில் ஜனங்கள் அப்பட்டியலில் இல்லை. இது எந்த நியாயம்?

ஏழைக்கு மருந்து கொடுக்க முடியாது என்று சொன்ன பெரிய மனிதர்களைப் பொய்யராக்கியவர்கள், தகரக் கொட்டகையிலிருந்து காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் தவறாமல் சாப்பிட்ட நோயாளிகள். அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். நாளைக் காலைக்கு வேண்டிய மாத்திரை அவர்கள் கையில் இருக்கும்படி செய்வது, மருந்து செய்யும் தேசமாகிய நமக்கும், எல்லாத் தேசங்களின் சர்க்கார்களுக்கும், அச்சர்க்கார்களைக் கேள்வி கேட்க வேண்டிய பிரஜைகளுக்கும் உரிய பங்கு.